சரித்திர நவீனமும் சொந்தப் பதிப்பும்

எழுதுவதில் ஓர் இன்பம் உண்டு. எழுதியதைத் தானே அச்சேற்றித் தன் பொறுப்பில் வெளியிடுவதில் வேறோர் இன்பம் உண்டு. முதலாவது இன்பத்தைப் பற்றித் தமிழ் எழுத்தாளர்கள் தம் முன்னுரைகளில் நிரம்பவே பேசியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பேசினாலும் காகித விலையும் விற்பனையாகாமல் வீட்டில் தங்கிவிட்ட நூல்கட்டுகளுமே பேச்சில் முந்திக்கொள்கின்றன. அந்த வருத்தங்களில் உண்மை உண்டு. ஆயினும் நூலைத் திறனாய்பவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆசிரியனே பதிப்பாளனாகவும் இருக்கும்போது அந்த உரிமை நூலுக்குள் என்ன செய்கிறது? அவன் அடைந்த மகிழ்ச்சி வாசகனுக்கும் பயன்படுகிறதா?

சரித்திர நவீனத்தைப் பொறுத்தவரை இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. சமூகக் கதையை ஆறு மாதத்தில் முடித்துவிடலாம். சரித்திரத் தொடரோ ஆசிரியனின் வாழ்வில் சில ஆண்டுகளையேனும் விழுங்கிவிடும். கல்வெட்டு, செப்பேடு, பயணக் குறிப்பு என்று தேடித் திரிய வேண்டும். அவ்வாறு திரட்டியதைக் கற்பனையோடு கலக்கும்போது எது சான்று, எது புனைவு என்ற கணக்கையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். இவ்வளவையும் மேலே ஒருவர் நின்று கேட்காத நிலையில் ஓர் ஆசிரியன் எவ்வாறு செய்கிறான் என்பதே அவனுடைய தரத்துக்கு உரைகல்.

சென்னை மாநகரின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் இதற்கு நல்ல உதாரணங்கள் உள்ளன. அடையாறு, தியாகராய நகர், திருவல்லிக்கேணி ஆகிய மூன்று பேட்டைகளில் மூன்று ஆசிரியர்களை எடுத்துக்கொண்டால் போதும்.

அடையாற்றில் ஒரு நெடுங்கதை

முதலில் வருபவர் பேராசிரியர் கல்கி. 1899-இல் பிறந்து 1954 டிசம்பர் 5-ஆம் நாள் மறைந்த அவர், தம் இறுதி ஆண்டுகளில் அடையாறு காந்தி நகரில் வாழ்ந்தார். ‘ஆனந்த விகட’னில் பெரும்புகழ் பெற்றிருந்த அவர், 1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று மீண்டபின், நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய முதல், எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியத்திலிருந்து வந்தது. பிறர் இதழில் எழுதிய ஆசிரியர் தமக்கே உரிய இதழில் எழுதப் புகுந்த அந்த ஆண்டிலேயே ‘பார்த்திபன் கனவு’ தொடங்கியது. அதுவரை சமூகக் கதைகளும் நகைச்சுவைக் கட்டுரைகளுமே எழுதிவந்தவர் சரித்திர நவீனத்தில் முழுமூச்சாக இறங்கியது சொந்த இதழ் கைக்கு வந்த பிறகுதான். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

அடுத்து 1944 முதல் 1946 வரை ‘சிவகாமியின் சபதம்’ வந்தது. 1950 அக்டோபரில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், ஐந்து பாகங்களாக வளர்ந்தது. அக்கதையின் தொடக்கத்தை நினைவுகூருங்கள். ஆடிப் பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக் கரையில் வந்தியத்தேவனின் குதிரை மெல்ல நடக்கிறது. ஏரியையும் மடைகளையும் மக்களின் கொண்டாட்டத்தையும் ஆசிரியர் நின்று நிதானமாகக் காட்டுகிறார். அடுத்த வாரம் வாசகன் வருவானோ மாட்டானோ என்ற பதைப்பு அங்கே இல்லை. வாடகை வண்டியில் போகிறவன் வழியில் இறங்கி வேடிக்கை பார்க்க அஞ்சுவான். தன் சொந்த வண்டியில் போகிறவனுக்கு அந்த அச்சம் கிடையாது. கல்கியின் நடையில் நாம் உணரும் அந்தச் சாவகாசம் சொந்த இதழ் தந்த கொடை.

அந்த உரிமையை அவர் சோம்பலுக்குப் பயன்படுத்தவில்லை என்பது பாராட்டத்தக்கது. ஓவியர் மணியத்தை உடன் அழைத்துக்கொண்டு அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் சென்று பார்த்து வந்தார். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றையும் தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் ஆராய்ச்சியையும் கற்றார். ஆதித்த கரிகாலனின் கொலையைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாஸன் முதலியோரின் பெயர்களைத் தருகிறது. கொலைக்குப் பின்னால் இருந்த நோக்கம் என்ன, தூண்டியவர் எவர் என்பதை அது சொல்லவில்லை. கல்கி நினைத்திருந்தால் நாலாயிரம் வரி எழுதி ஒருவர் மீது பழியைச் சுமத்தி முடித்திருக்கலாம். தடுப்பார் யாருமில்லை. அவரோ கல்வெட்டு மௌனம் காத்த இடத்தில் தாமும் ஐயத்தை ஐயமாகவே விட்டுவிட்டார்.

கதை முடிந்தபோது, திடீரென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். இன்னும் ஓராண்டு நீட்டியிருந்தால் இதழுக்கு ஆதாயமே. கல்கியோ முடிவுரை எழுதி, வாசகர்களின் வினாக்களைத் தாமே எடுத்துவைத்து, கதாபாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதையும், தாம் எடுத்துக்கொண்ட சரித்திர ஆதாரங்களையும் சொல்லி விடைபெற்றார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தும் உரிமை, வளர்த்துச் செல்லும் உரிமையைவிடப் பெரியது. சொந்த இதழ்க்காரருக்கு அந்த இரண்டும் இருந்தன. கல்கி இரண்டையும் பயன்படுத்தினார்.

குறைகள் இல்லாமல் இல்லை. நந்தினியின் பிறப்பு மர்மம் அளவுக்கு மீறி இழுபடுகிறது. மறைந்து நின்று ஒட்டுக்கேட்கும் காட்சிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. தற்செயல் சந்திப்புகள் மலிந்துவிடுகின்றன. கையெழுத்துப் படியில் சிவப்பு மையால் கோடிட ஒரு கண்டிப்பான பதிப்பாசிரியர் இருந்திருந்தால் இவற்றுள் சில குறைந்திருக்கும். உரிமைக்குக் கொடுத்த விலை அது.

தியாகராய நகரின் பாடம்

இரண்டாமவர் சாண்டில்யன். 1910-இல் பிறந்து 1987-இல் காலமான இவருடைய இயற்பெயர் பாஷ்யம். ‘சுதேசமித்திர’னில் செய்தியாளராகப் பணியாற்றியவர். இளமையில் ‘பலாத்காரம்’ என்ற அரசியல் நவீனத்தைத் தம் சொந்தப் பொறுப்பிலேயே வெளியிட்டார். அதற்கு முன்னுரை தந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. ஆனால் சாண்டில்யனுக்குப் புகழ் வந்தது ‘குமுதம்’ இதழில். ‘யவன ராணி’யும் ‘கடல் புறா’வும் அங்கே தொடராக வந்து வாரந்தோறும் வீடுகளில் போட்டி போட்டுக்கொண்டு படிக்கப்பட்டன. எழுத்தாளருக்கு மாதச் சம்பளம் என்ற அரிய ஏற்பாட்டை அவ்விதழ் அவருக்குச் செய்து கொடுத்தது. தொடர்களைத் தொகுத்து நூல்களாக்கித் தமிழகமெங்கும் கொண்டுசேர்த்தது தியாகராய நகர் வானதி பதிப்பகம்.

சம்பளத்துக்கு எழுதியதால் அவருடைய எழுத்தில் மகிழ்ச்சி இல்லை என்று சொல்வது அநியாயம். ‘கடல் புறா’வில் இளையபல்லவனின் கப்பல் கடாரக் கடலில் பாய் விரிக்கும்போது ஆசிரியரின் உற்சாகம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. காற்றின் போக்கு, பாய்களின் வகை, கடற்போரின் வியூகம் ஆகியவற்றைத் தமிழ் வாசகனுக்கு அவ்வளவு சுவையாக விளக்கியவர் அவருக்கு முன் அரியர். அதே நவீனத்தில் பெண்களை வருணிக்கும் இடங்கள் ஒரே வார்ப்பாகத் திரும்பத் திரும்ப வருவதும், அத்தியாய முடிவுகள் எல்லாம் ஒரே விதமான கொக்கியில் மாட்டப்படுவதும், அடுத்த வாரத்தை நோக்கியே கதை நகர்த்தப்படுவதைக் காட்டுகின்றன.

பின்னாளில் சாண்டில்யன் ‘கமலம்’ என்ற சொந்த இதழைத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை. இலட்சக்கணக்கான வாசகர்களைப் பெற்றிருந்த ஒருவரின் சொந்த இதழ் ஏன் நிலைக்கவில்லை? இதழ் நடத்துவது கதை எழுதுவதிலிருந்து வேறான தொழில் என்பது ஒரு காரணம். கல்கிக்கு நிர்வாகத்தைத் தாங்க ஒரு சதாசிவம் இருந்தார். காகிதம் வாங்குவது, முகவர்களிடம் பாக்கி வசூலிப்பது, விளம்பரம் பிடிப்பது ஆகியவற்றை ஒரு தோழர் ஏற்றுக்கொண்டால்தான் ஆசிரியரின் பேனா ஓடும். சொந்தப் பதிப்பின் இன்பத்தைப் பாடுவோர் இதை மறந்துவிடக் கூடாது. அந்த இன்பம் பெரும்பாலும் இன்னொருவரின் உழைப்பின் மீது நிற்கிறது. அந்த இன்னொருவரின் பெயர் அட்டையில் வருவதில்லை.

திருவல்லிக்கேணியின் தனிமனிதர்

மூன்றாமவருக்கு அத்தகைய தோழர் இல்லை. சி. சு. செல்லப்பா (1912–1998) இவ்விருவருக்கும் நேர் எதிர்த் திசையில் நின்றவர். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். வாரப்பத்திரிகைத் தொடர்கதைகள் வாசகனின் சுவையைக் கெடுக்கின்றன என்று வாதாடிய அணியின் தலைவர். திருவல்லிக்கேணியில் எளிய வாழ்க்கை வாழ்ந்து, ‘எழுத்து பிரசுரம்’ நூல்களைத் தாமே சுமந்து சென்று கல்லூரிகளிலும் வாசகர் வீடுகளிலும் விற்றவர்.

அவரும் ஒரு சரித்திர நவீனம் எழுதினார். சோழரைப் பற்றியன்று, தாம் வாழ்ந்த காலத்தைப் பற்றி. விடுதலைப் போரில் சிறை கண்ட அவர், காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்ட தம் தலைமுறை இளைஞர்களின் வாழ்வை ‘சுதந்திர தாகம்’ என்று மூன்று பாகங்களாக எழுதி, 1997-இல் தம் முயற்சியிலேயே வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். 2001-இல் சாகித்திய அகாடமியின் பரிசு அந்நூலுக்குக் கிடைத்தபோது அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

எண்பது கடந்த ஒருவர், விற்பனைக்கு எந்த உறுதியும் இல்லாமல், மூன்று பாகங்களையும் சொந்தப் பொறுப்பில் அச்சிடுவதைப் பிடிவாதம் என்று சிலர் சொல்லக்கூடும். தம்மோடு சிறை சென்ற பெயர் தெரியாத இளைஞர்களுக்கு ஒரு கடன் பாக்கியிருக்கிறது என்று நினைக்கும் மனிதர் அந்தக் கடனை அடைக்கும்போது அடையும் நிறைவு அது என்றே நாம் கொள்கிறோம். அந்நூலின் வலிமை இங்கேதான் இருக்கிறது. தலைவர்களின் வரலாற்றில் இடம்பெறாத சிற்றூர் இளைஞனின் தயக்கமும் துணிவும் குடும்பத்தோடு அவன் நடத்திய போராட்டமும், உடனிருந்து பார்த்தவரின் நிதானத்தோடு பதிவாகியுள்ளன.

நூலின் பலவீனமும் அதே ஊற்றிலிருந்து வருகிறது. எதையும் விட்டுவிட மனம் வரவில்லை. உரையாடல்கள் வாதங்களாக நீள்கின்றன. நிகழ்ச்சிக் குறிப்புகள் கதையை மறைக்கின்றன. பிறருடைய கதைகளில் ஒரு வாக்கியம் மிகையானாலும் சுட்டிக்காட்டிய விமர்சகர், தம் நூலைச் சுருக்கத் தம்மையே நியமித்துக்கொள்ளவில்லை. சொந்தப் பதிப்பாளனுக்கு மிகக் கடினமான வேலை இதுவே. தான் நேசித்து எழுதிய பக்கத்தைத் தானே கிழித்துப்போட வேண்டும். கல்கியும் அதில் முழுவெற்றி பெறவில்லை, செல்லப்பாவும் பெறவில்லை. வாசகக் கூட்டத்திலும் கொள்கையிலும் இருதுருவங்களான இருவரும் இந்த ஒரு குறையில் சகோதரர்களாகிவிடுகிறார்கள்.

நம் முன்னோர் காட்டிய வழி

இங்கே நம் சமுதாயத்தின் முன்னோர்களையும் நினைவுகூர்வது பொருத்தம். தமிழ் நவீனத்தின் தொடக்க காலத்திலேயே சொந்த அச்சும் கதையும் கைகோத்து வந்ததை நம்மவரிடம் காணலாம். கண்டி தந்த அறிஞர் சித்திலெவ்வை (1838–1898) 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழை நிறுவினார். 1885-இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நவீனத்தை வெளியிட்டார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. நவீனம் என்றால் என்னவென்றே பலரும் அறியாத நாளில், மிஸ்ரு நாட்டையும் இந்திய நகரங்களையும் இணைத்து ஒரு கதையைச் சொல்ல அவருக்குத் துணிவு தந்தவற்றுள் கையிலிருந்த இதழும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

அவருக்குப் பின் மர்ஹூம் பா. தாவூத்ஷா (1885–1969). சென்னையிலிருந்து அவர் நடத்திய ‘தாருல் இஸ்லாம்’ நல்ல தமிழுக்கும் அஞ்சாத கருத்துக்கும் பெயர்பெற்றது. அவருடைய மைந்தர் என். பி. அப்துல் ஜப்பார், அக்குடும்பத்து இதழிலேயே ‘ஷஜருத்துர்’ என்ற சரித்திர நவீனத்தைத் தொடராக எழுதினார். சிலுவைப்போர்ப் படை வாயிலில் நிற்க, கணவராகிய சுல்தான் இறந்த செய்தியை மறைத்து ஆட்சியைக் காத்து, 1250-இல் தாமே அரியணை ஏறிய பெண்மணியின் கதை அது. பெண்ணொருத்தி நாடாண்ட வரலாற்றை அந்நாளைய தமிழ் முஸ்லிம் இல்லங்களுக்குள் வாரி வழங்க வேண்டுமானால், அதற்கு அஞ்சாத ஓர் இதழ் வேண்டியிருந்தது. அது வீட்டிலேயே இருந்தது.

இவ்விரு நவீனங்களிலும் ஓர் ஒற்றுமை நம் கண்ணில் படாமல் போகாது. இரண்டும் மிஸ்ருக்குச் சென்றன. அது குற்றமில்லை. ஆனால் அச்சும் பேனாவும் நம் கையிலேயே இருந்தும் காயலுக்கும் கீழக்கரைக்கும் மயிலைக்கும் நம் சரித்திர நவீனம் ஏன் அத்திப்பூவாகவே வந்தது?

எழுதப்படாத மயிலை

மயிலாப்பூர் என்றதும் கோபுரமும் குளமும் மனத்தில் எழுவது இயல்பு. 1901 முதல் நூல்களை வெளியிட்டுவரும் அல்லயன்ஸ் கம்பெனி அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதே மயிலையின் கடலோரமான சாந்தோம் பதினேழாம் நூற்றாண்டில் கண்டதை எண்ணிப்பாருங்கள். 1662-இல் கோல்கொண்டா சுல்தானின் படை அதைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றியது. 1672-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். முற்றுகைக்குப் பின் 1674-இல் அவர்கள் வெளியேறினர். இதற்கிடையே ஆங்கிலக் கம்பெனியின் தலைமை வணிகராக விளங்கிய காசி வீரண்ணா என்பவர் ஹஸன்கான் என்றும் அழைக்கப்பட்டார். பள்ளிவாசல் ஒன்றும் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்பட்டது. இந்து வணிகர் ஒருவர் இரண்டு பெயர்களோடு இரண்டு உலகங்களில் நடமாடிய கதையைக் காட்டிலும் சுவையான கரு எந்தச் சரித்திர நவீனத்துக்கு வேண்டும்?

தெற்கே காயல் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதன் துறைமுகச் சிறப்பை வியந்து எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், குதிரை வணிகர் ஜமாலுத்தீனையும், பாண்டியனின் அமைச்சராக உயர்ந்த அவர் சகோதரர் தகியுத்தீனையும் குறிப்பிடுகிறார். எஸ். எம். கமால் அவர்களின் ‘முஸ்லீம்களும் தமிழகமும்’ போன்ற ஆராய்ச்சி நூல்கள் இவற்றுக்கான வழியைத் திறந்து வைத்துள்ளன. சோழர் கதை என்றால் வாங்கும் சந்தை, காயல் கதையை வாங்குமா என்று பெரிய இதழ்கள் தயங்கியிருக்கலாம். அவ்வாறு தயங்கும் இடத்தில்தான் சொந்தப் பதிப்புக்கு வேலை இருக்கிறது. பிறர் எழுதிய சரித்திரக் கதைகளில் நம்மவர் வில்லனாகவோ வேடிக்கைப் பொருளாகவோ வருகிறார்கள் என்று குறைகூறிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. சான்றோடு எழுதப்பட்ட ஒரு நல்ல நவீனம் நூறு கண்டனக் கடிதங்களுக்கு மேலானது.

இன்றைய கடமை

இன்று தடைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. எழுத்துக் கோப்பவரின் விரல்களுக்காகக் காத்திருந்த காலம் போயிற்று. கணிப்பொறியில் எழுதி, வேண்டிய பிரதிகளை மட்டும் அச்சிட்டு, தேவை வந்தால் மேலும் அச்சிட்டுக்கொள்ளலாம். மின்னூலாக வெளியிட்டால் காகிதமும் வேண்டியதில்லை. 1977-இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஜம் பள்ளி வளாகத்தில் சிறிதாகத் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, இன்று பெருந்திருவிழாவாகிவிட்டது. ‘பொன்னியின் செல்வன்’ 2022-லும் 2023-லும் இரு திரைப்படங்களாக வந்தபின், சரித்திரத் தொடர் எழுதும் ஆர்வம் இளைஞரிடையே பெருகியிருக்கிறது. ‘கல்கி’யின் அச்சு இதழ் 2020-இல் நின்றுவிட்டது, அவர் தொடங்கிவைத்த ஆசை நிற்கவில்லை.

எளிதாகிவிட்டதாலேயே ஆபத்தும் வளர்ந்திருக்கிறது. அன்று அச்சுச்செலவே ஒரு பதிப்பாசிரியரைப் போல எழுத்தாளனைக் கட்டுப்படுத்தியது. நூறு பக்கம் கூடினால் எத்தனை ரூபாய் கூடும் என்ற கணக்கு அவன் கையைப் பிடித்தது. இன்று அந்தக் கணக்கும் இல்லை. ஆகவே சரித்திரத் தொடரைச் சொந்தமாக வெளியிட விரும்பும் எழுத்தாளர்கள் இந்த முன்னோர்களிடமிருந்து மூன்று பழக்கங்களைக் கைக்கொள்வது நலம். கல்கியைப் போல, எது சான்று எது கற்பனை என்பதை முடிவுரையில் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சாண்டில்யனின் அனுபவத்திலிருந்து, நிர்வாகத்துக்கு ஒரு நல்ல துணையைத் தேடிக்கொண்டு, அத்துணையின் பெயரை நன்றியோடு நூலில் குறிக்க வேண்டும். செல்லப்பாவின் நூலிலிருந்து, எழுதக் காட்டும் ஆர்வத்தைச் சுருக்குவதிலும் காட்ட வேண்டும் என்பதைக் கற்க வேண்டும். அச்சுக்குப் போகுமுன் முகதாட்சண்யமில்லாத ஒருவரிடம் கையெழுத்துப் படியைக் கொடுத்து, அவர் சிவப்புக் கோடிட்ட இடங்களைப் பொறுமையோடு பார்க்க வேண்டும்.

விமர்சகருக்கும் ஒரு கடமை உண்டு. சொந்தப் பதிப்பு என்றவுடனே, பதிப்பாளர் கிடைக்காதவரின் நூல் என்று முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த அளவுகோலால் அளந்திருந்தால் ‘சுதந்திர தாகம்’ வாசிக்கப்பட்டிராது, ‘அசன்பே’யும் மறக்கப்பட்டிருக்கும். யார் அச்சிட்டார் என்று பார்ப்பதை விட்டு, அச்சிட்டவர் தம் உரிமையை எவ்வாறு பயன்படுத்தினார் என்று பார்க்க வேண்டும். நான்கு ஆண்டு உழைத்து ஒருவர் நான்கு பாகம் கொண்டுவந்தால், அதை நான்கு நாளாவது படித்துவிட்டு நிறையையும் குறையையும் மனம் கூசாமல் எழுதுவதே அந்த எழுத்தாளருக்கு நாம் செய்யும் மரியாதை. காயலைப் பற்றியோ சாந்தோமைப் பற்றியோ அத்தகைய தொடர் ஒன்று வெளிவரும் நாளில், அதை முதலில் வாங்கிப் படிப்பவர்களும் முதலில் திருத்தம் சொல்பவர்களும் நம் வாசகர்களாகவே இருக்கட்டும்.